நொடியின் தொடக்கம்

நொடி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். ‘ஒரு நொடியில் வருகிறேன்’ என்று சொல்லிச் சென்றவர் ஒரு நாழிகை கழித்து வருவதும் உண்டு. ஆயினும் அச்சொல்லின் பழம்பொருள் விரலை நொடித்தல் என்னும் செயலே ஆகும். கட்டை விரலும் நடுவிரலும் சேர்ந்து சொடுக்கும்பொழுது பிறக்கும் ஒலி நொடி. அவ்வொலி எழுவதற்கு ஆகும் காலமும் நொடி எனப் பெயர் பெற்றது. எழுத்தொலிகளை அளக்கப் புகுந்த தொல்காப்பியர், கண் இயல்பாக இமைக்கும் காலத்தையும் விரல் நொடிக்கும் காலத்தையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். கடிகாரம் இல்லாத நாளில் மனிதன் தன் உடம்பிலேயே சுமந்து திரிந்த அளவுகோல் அது.

பின்வந்த இலக்கண அறிஞர் அவ்வளவில் அமையவில்லை. அந்த ஒரு நொடியையும் நான்கு கூறாக்கினர். நொடிக்க வேண்டும் என்று நெஞ்சில் எண்ணும்பொழுது கால் மாத்திரை. விரலின்மேல் விரலைப் பொருத்தும்பொழுது அரை. அழுத்தித் திருகும்பொழுது முக்கால். விரல் விடுபட்டு ஒலி எழும்பொழுது ஒன்று. வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்பொழுதெல்லாம், ‘இத்துணை நுணுக்கம் எதற்கு, ஐயா?’ என்று வினவிய மாணவர் பலர். வினவ வேண்டிய வினாவே அது. ஒரு செயல் எண்ணத்தில் தொடங்குகின்றதா, முயற்சியில் தொடங்குகின்றதா, ஒலியில் தொடங்குகின்றதா? இலக்கண நூலில் இவ்வினாவுக்கு எவ்விடை கூறினும் யாருக்கும் இழப்பில்லை. ஆனால், நிலத்தின் அதிர்வைக் கருவியால் அளப்போர்க்கு இவ்வினாவின் விடை பிழைபட்டால் கணக்கு முழுவதும் பிழைபட்டுப் போகும்.

1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன், நம் கோவைப் பகுதியில் நிலம் நடுங்கிற்று. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அந்நடுக்கம் உணரப்பட்டது. அதன் அளவு 6 என்னும் எண்ணை ஒட்டியது எனப் பிற்கால ஆய்வாளர் மதித்துள்ளனர். அன்று எப்பொழுது நடுக்கம் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால், உறக்கத்தினின்று அலறி எழுந்து தெருவுக்கு ஓடியவர் என்ன விடை கூறுவர்? அவர் விழித்தபொழுதுதான் அவருக்குத் தொடக்கம். அதற்கு முன் நிலம் எத்தனை முறை அசைந்தது என்பதை அவர் அறியார்.

விழித்தே இருக்கும் காவலன் ஒருவன் இருந்தால் இக்குறை நீங்கும் அன்றோ? 1897ஆம் ஆண்டு அசாம் நாட்டை உலுக்கிய பெருநடுக்கத்தின் பின், 1898ஆம் ஆண்டில் கல்கத்தாவின் அலிப்பூரில் நம் நாட்டின் முதல் நிலநடுக்கப் பதிவு நிலையம் அமைந்தது. அங்கு வைத்தது போன்ற பழங்கருவிகளில் ஒளி படியும் தாள் இரவும் பகலும் ஓயாது நகர்ந்து கொண்டிருக்கும். எந்நேரம் நிலம் அசையினும் கோடு அசையும். ஆயினும் தாள் ஓயாது ஓடவேண்டுமாதலின் மிக மெல்ல ஓடவேண்டும். மெல்ல ஓடும் தாளில் விரைந்த அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கரிக்கோடாய் மயங்கும். தாளை விரைந்து ஓட்டினாலோ ஒரு நாளைக்கு ஒரு வண்டித் தாள் வேண்டும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு அறிஞர் கண்ட வழி, கருவியை உறங்க வைத்துத் தக்க பொழுதில் எழுப்புவது. நிலம் குறித்த அளவுக்கு மேல் அசைந்தால் அவ்வசைவே கருவியை எழுப்பும்; எழுந்த கருவி தாளை விரைந்து ஓட்டிப் பதியும்; நடுக்கம் ஓய்ந்ததும் மீண்டும் உறங்கும். கி.பி. 132ஆம் ஆண்டில் சீன நாட்டு அறிஞர் சாங் ஹெங் அமைத்த செப்புக் குடத்திலும் இக்கருத்தின் வித்து இருந்தது. குடத்தைச் சுற்றிலும் வைத்த நாகத் தலைகளுள் ஒன்றின் வாயிலிருந்த குண்டு, நிலம் அசைந்ததும் கீழே விழும். அண்மைக் காலத்தில், மராட்டிய நாட்டின் கொய்னா அணையை 1967ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் அதிகாலையில் நிலநடுக்கம் தாக்கியபொழுது, அணைக்குள் வைத்திருந்த கருவி அதன் வன்மையைப் பதிந்து தந்தது. அணை கட்டும் பொறியாளர் உலகெங்கும் எடுத்துப் பயிலும் பதிவுகளுள் அதுவும் ஒன்று. இவ்வகைக் கருவிகளில் ஒரு குறை உண்டு: உறங்குபவன் எழுவதற்கு ஆகும் அந்தச் சிறுபொழுதில் நிகழ்ந்தது பதிவாகாது. இக்காலக் கருவிகள், கழிந்த சில வினாடிகளை எப்பொழுதும் தம் நினைவில் வைத்திருந்து அக்குறையையும் தீர்த்துக்கொண்டன.

நிலமே கருவியை எழுப்புவதை அகத்தூண்டல் என்றும், மனிதன் புறத்திலிருந்து குறி காட்டி எழுப்புவதைப் புறத்தூண்டல் என்றும் நான் வழங்க விரும்புகிறேன். கருவி இயக்குவோர் இரண்டையுமே ‘டிரிக்கர்’ என்பர். அகமும் புறமும் நமக்குப் பழகிய பாகுபாடுகள்; தூண்டல் என்பதும் நம் வீட்டுச் சொல்லே. மங்கும் விளக்கின் திரியை மேலே தள்ளும் சிறு கோலுக்குத் தூண்டுகோல் என்று பெயர். திரியும் எண்ணெயும் சுடரும் முன்னரே உள்ளன. கோல் செய்வது ஒரு சிறு தொடுதல். கருவிக்கும் வேண்டுவது அத்தகைய சிறு தொடுதல்தான். ஆனால் அது உரிய கணத்தில் நிகழ வேண்டும்.

புறத்தூண்டல் வேண்டப்படுவது எப்பொழுது? நிலம் தானாக நடுங்கும்வரை காத்திராமல், நாமே நிலத்தைத் தட்டி அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும்பொழுது. குயவனிடம் பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்குவது போன்றது இது. நிலத்தின் பானை பெரிது. தட்டிய இடத்தில் நின்றால் மட்டும் போதாது, பல இடங்களில் காது வைத்துக் கேட்க வேண்டும். தட்டிய கணம் எது என்பதை எல்லாக் காதுகளும் அறிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் என்பவர் 1849ஆம் ஆண்டில் இம்முயற்சியில் முதன்முதல் இறங்கினார். டப்ளின் நகரை அடுத்த கில்லினிக் கடற்கரையில், மணலில் வெடிமருந்தைப் புதைத்து, மின்சாரத்தால் கொளுத்தினார். வெடியின் கணத்தோடு காலக்கருவியும் ஓடத் தொடங்கும்படி செய்தார். தொலைவில் ஒரு கிண்ணத்துப் பாதரசத்தில் தெரியும் பிம்பம் கலங்கும் கணத்தைக் கண்ணால் நோக்கிக் காலக்கருவியை நிறுத்தினார். மணலில் அதிர்வு வினாடிக்கு 250 மீட்டர் அளவில் ஓடுகிறது என்று கண்டார். கருங்கல்லிலோ அவருக்குக் கிடைத்தது 500 மீட்டர் அளவுதான். உண்மையில் உறுதியான கருங்கல்லில் அதிர்வு 5,000 மீட்டருக்குக் குறையாமல் ஓடும். மாலெட் தொடக்கத்தைச் சரியாகவே குறித்தார். அவர் கண்ணுக்குத் தப்பியது முடிவு. முதலில் வந்த மெல்லிய அதிர்வு பாதரசத்தைக் கலக்கவில்லை, பின்வந்த வலிய அதிர்வே கலக்கியது என்று பின்னோர் கருதினர். ஒரு காலத்தை அளக்க இரு முனையும் செம்மையாக வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இப்பணி பெரிய அளவில் நடந்துள்ளது. ஐதராபாத்தில் 1961ஆம் ஆண்டு தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், சோவியத்து அறிஞரின் துணையோடு, 1972ஆம் ஆண்டு தொடங்கி, கிழக்குக் கரையில் காவலி முதல் மேற்குக் கரையில் உடுப்பி வரை நிலத்தை வெடியால் தட்டிக் கேட்டனர். பின்னர்க் குப்பம் முதல் நம் பழனி வரையும் அவ்வாறே ஆராய்ந்தனர். கொங்கு நாட்டுப் பாறைக்கு அடியில் புவியின் மேலோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடித்திருக்கிறது என்பது இவ்வாறு கேட்டறிந்த செய்தியே. தோண்டிப் பார்த்தவர் ஒருவரும் இலர். இத்தகைய பணிகளில் வெடிமருந்தைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியைக் கட்டிவைப்பதும் உண்டு. மருந்து வெடித்ததும் கம்பி அறும்; மின்னோட்டம் நிற்கும்; நின்ற கணமே சுழியம் எனக் கருவி கொள்ளும். தன்னை அழித்துக்கொண்டு காலத்தைச் சொல்லும் அக்கம்பியை நினைக்கும்பொழுது எனக்கு வியப்பு உண்டாகும்.

வெடிக்குப் பதில் சம்மட்டியைக் கொண்டு இப்பணி நடந்ததை நான் எங்கள் ஊரிலேயே அருகிருந்து கண்டேன். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, சோமனூர் செல்லும் பக்கத்தில், என் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் வடமூலையில் பாட்டனார் காலத்துக் கிணறு இருக்கிறது. காளைகள் பின்னும் முன்னும் நடந்து கவலை இறைத்த கிணறு அது. இப்பொழுது வற்றிக் கிடக்கிறது. தென்புறத்தில், நிலம் தாழும் இடத்தில், புதுக் கிணறு வெட்ட அவன் எண்ணினான். இங்குக் கிணறு வெட்டுவோர் மண்ணுக்கும் சுக்கானுக்கும் ஒரு கூலியும், பாறைக்கு ஒரு கூலியும் பேசுவர். பாறைக்கூலி பன்மடங்கு, வெடி வைத்தல்லது அது நெகிழாது. ஆகவே பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதை முன்னரே அறிந்தவன் நயமாக ஒப்பந்தம் பேசுவான். அந்நாளில் ஒரு கல்லூரியின் நிலவியல் மாணவர் சிலர், பயிற்சிக்கு இடம் தேடி ஆசிரியரோடு வந்தனர். தம்பி மனமுவந்து இடம் கொடுத்தான்.

அவர்கள் நீண்ட வடம் ஒன்றை விரித்து, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக 24 சிறு கருவிகளை நிலத்தில் ஊன்றினர். காந்தத்தின் இடையே சுருளில் தொங்கும் கம்பிச்சுற்று ஒவ்வொன்றினுள்ளும் உண்டு; நிலம் சிறிது அசைந்தாலும் அதில் மின்னோட்டம் பிறக்கும். அவர்கள் அதனை ஜியோபோன் என்றனர். நான் நிலச்செவி என்று பெயரிட்டேன். மாணவர் சிரித்துக்கொண்டே ஏற்றனர். வரிசையின் தலைப்பில், முதற்செவிக்கு இரண்டு மீட்டர் முன், ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்தனர். சம்மட்டிக் காம்பில், தலையை ஒட்டி, ஒரு சிறு சுவிட்சை ஒட்டுநாடாவால் சுற்றினர். அதிலிருந்து ஒரு கம்பி பதிவுக் கருவிக்குச் சென்றது. சம்மட்டி தகட்டில் விழும் கணத்தில் சுவிட்சு குறி காட்டும். கருவி அக்கணம் முதல் அரை வினாடி பதியும். பிறகு அடுத்த அடிக்குக் காத்திருக்கும். தகட்டில் விழுந்த சம்மட்டி துள்ளி மறுமுறையும் தொடுமாதலின், முதற்குறிக்குப் பின் சிறிது நேரம் வேறு குறியை ஏலாதபடி கருவியை அமைத்திருந்தனர்.

கணக்கு நுட்பமானது, ஆயினும் கருத்து எளிது. உள்ளூரிலிருந்து அவிநாசிக்குச் செல்வோன் வயல் வழியே நேராக நடக்கலாம். அல்லது நெடுஞ்சாலைவரை நடந்து, அங்குப் பேருந்து ஏறலாம். அருகில் உள்ள ஊருக்கு நடையே விரைவு. தொலைவில் உள்ள ஊருக்குச் சுற்றினும் பேருந்தே விரைவு. அதிர்வும் அவ்வாறே. அருகில் உள்ள செவிகளுக்கு அது மேற்பரப்பின் வழியே முதலில் வரும். தொலைவில் உள்ளவற்றுக்கோ கீழே பாறைவரை இறங்கி, பாறையில் விரைந்து ஓடி, மேலேறி வந்த அதிர்வே முந்திக்கொள்ளும். அன்று அத்தோட்டத்துச் சுக்கானில் அதிர்வு வினாடிக்கு 1,500 மீட்டரும் பாறையில் 5,000 மீட்டரும் ஓடிற்று. இறங்கி ஏறிய காலத்திலிருந்து பாறையின் ஆழத்தைக் கணிப்பர்.

முதலில் பழங்கிணற்றின் ஓரமாகவே வரிசையை அமைத்தனர். அஃது ஆசிரியரின் அறிவுடைமை. கிணற்றுச் சுவரில் பாறை 51 அடியில் தொடங்குவதை யாவரும் கண்ணாற் காணலாம். கருவி கூறுவது மெய்யா என அதனோடு ஒப்பிடலாம்.

தொடக்கத்தில் சுவிட்சின் கூருணர்வை மிக உயர்த்தி வைத்துவிட்டனர். மாணவன் சம்மட்டியைத் தூக்கியதும் கருவி பதியத் தொடங்கிற்று. அடி விழுமுன் பதிவே முடிந்தது; திரையில் 24 கோடுகளும் அசைவின்றிக் கிடந்தன. நொடிக்க எண்ணியதையே நொடியாகக் கொண்ட கதை இது! கூருணர்வைக் குறைத்தபின் அடிக்கு அடி பதிவு கிடைத்தது. அவ்வூர்ப்புறத்தில் விசைத்தறிகள் ஓயாது ஓடுவன. நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் செல்வன. அவற்றின் அதிர்வும் நிலச்செவிகளில் ஏறிற்று. ஆகவே ஒரே இடத்தில் பத்து முறை அடித்துப் பத்துப் பதிவையும் ஒன்றாகக் கூட்டினர். அடியின் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் வருவதால் பத்து மடங்காகும். தறியின் இரைச்சல் முன்னும் பின்னுமாக வருவதால் மூன்று மடங்கிற்குச் சற்று மேல்தான் ஆகும். தொடக்கம் அடிக்கு அடி பிறழுமாயின், கூட்டல் உதவாது கெடுக்கும்.

முதல் நாள் மாலை கணக்கிட்டுப் பார்த்தபொழுது, பாறை 38 அடியில் இருப்பதாக விடை வந்தது. கிணறோ பக்கத்திலேயே 51 அடி என்று வாய்திறந்து நிற்கிறது. மாணவர் முகம் வாடிற்று. என் தம்பி, “ஏனுங்க தம்பி, பாறை ராத்திரியோட ராத்திரியா மேல ஏறி வந்துருமுங்களா?” என்று கேட்டான். அவன் எள்ளிக் கேட்கவில்லை. 13 அடி மண்ணுக்குப் பாறைக்கூலி கொடுப்பவன் அவனல்லவா?

ஆசிரியர் கணக்கைப் பார்க்கவில்லை. முதற்செவியின் கோட்டைப் பார்த்தார். பதிவு தொடங்கும் பொழுதே அக்கோடு ஆடிக்கொண்டிருந்தது. பாடம் தொடங்கியபின் வகுப்பில் நுழைந்த மாணவன், முதற்சொற்களைக் கேளாமல் இடையிலிருந்து எழுதத் தொடங்குவது போல, கருவி காலம் தாழ்த்து எழுந்திருந்தது. அருகிலுள்ள செவிகளுக்கு அதிர்வு வந்த காலங்களை வரைபடத்தில் குறித்து இணைத்தார். தொலைவு சுழியமாகும் இடத்தில் காலமும் சுழியமாக வேண்டும். அக்கோடோ 5 மில்லி வினாடி கீழே சென்று விழுந்தது. அடி விழுவதற்கு முன்னரே அதிர்வு வந்ததாக அதற்குப் பொருள்! வினாடியை 1,000 கூறாக்கி அதில் 5 கூறு. கண் இமைப்பதற்குக்கூட அதைப்போல் பல மடங்கு நேரம் வேண்டும். ஆயினும் சுக்கானின் விரைவைக் கொண்டு கணக்கிட்டால் அஃது ஏறத்தாழ 4 மீட்டர். நம் அளவில் 13 அடி. காணாமற்போன ஆழம் அவ்வளவேதான்.

சம்மட்டியை எடுத்துப் பார்த்தனர். வெயிலில் ஒட்டுநாடா இளகி, சுவிட்சு தலையை விட்டு நழுவிக் காம்பின் நடுவே தளர்ந்து தொங்கியது. சம்மட்டி தகட்டில் விழுந்தபின், காம்பு அதிர்ந்து, தளர்ந்த சுவிட்சு குலுங்கி, அதன் பின்னரே குறி சென்றிருக்கிறது. மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன், அதைத் தலையோடு ஒட்டி இறுகக் கட்டினர். கூருணர்வை முன்னை இருநிலைகளுக்கும் இடையே வைத்து, பதிவுக்கு முன் இரண்டு மூன்று அடி அடித்துச் சோதித்தனர். சம்மட்டியைத் தூக்கினால் கருவி உறங்க வேண்டும். தகட்டைத் தொட்டால் விழிக்க வேண்டும். முதற்செவியின் கோடு சிறிது தூரம் அசையாது சென்று பிறகு எழ வேண்டும். மூன்றும் அமைந்தன. அன்று வந்த விடை 51 அடி. ஒரு மாணவன் கிணற்றில் கயிறு விட்டு மறுமுறையும் அளந்து வந்தான். கருவியை நம்பியும் கயிற்றை விடாத அப்பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு வடத்தைச் சுருட்டித் தென்புறம் கொண்டுசென்றனர். அங்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கிணறு இல்லை. நம்புவதற்கு அந்த முதற்கோடு ஒன்றே இருந்தது. நண்பகல்வரை அடித்தனர். வரிசையின் இரு தலைப்பிலும் அடித்துக் கேட்டு, 43 அடி என்று எழுதிக் கொடுத்துச் சென்றனர். முந்திய நாள் சுவிட்சோடு அங்கு அடித்திருந்தால் 30 அடி என்று எழுதியிருப்பர்.

தை பிறந்தபின் மண்வாரி இயந்திரம் வந்தது. தம்பி 43 அடிவரை மண்கூலியே பேசியிருந்தான். கிணறு வெட்டுவோர் தலைவர், “அத்தனை ஆழத்துக்குச் சுக்கான் இருக்காதுங்க” என்று முணுமுணுத்தே ஒப்பினார். முப்பது அடியில் சுக்கான் கட்டியாகக் கிளம்பியது. தலைவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். நாற்பதைத் தாண்டியும் அதுவே வந்தது. 44ஆம் அடியில், மாலை நேரத்தில், இயந்திரத்தின் பற்கள் பாறையில் பட்டு உராயும் ஒலி மேலே கேட்டது.